பார்வதிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது? கைகூடாக் காதலைக் கடத்தலும் இந்திய இளையோர் நாவலும்

சரத் சந்திர சட்டோபாத்யாயரின் ‘தேவதாஸ்’ 1917ஆம் ஆண்டு வங்க மொழியில் நூலாக வெளிவந்தது. அதன் முடிவு பலரும் அறிந்ததே. பார்வதி வாழ்க்கைப்பட்ட வீட்டின் வாயிலில் தேவதாஸ் இறந்து கிடக்கிறான். செய்தியறிந்த பார்வதி வெளியே ஓட முற்படுகிறாள், வீட்டார் தடுக்கின்றனர், அவள் மயங்கி விழுகிறாள். இதன்பின் வரும் சில வரிகள் அதிகம் பேசப்படுவதில்லை. பார்வதி இப்போது எப்படியிருக்கிறாள் என்பது தனக்குத் தெரியாது என்றும், விசாரித்தறியும் விருப்பமும் இல்லை என்றும் கதைசொல்லி கூறுகிறார். தேவதாசுக்காக மட்டும் இரங்குமாறு வாசகரைக் கேட்டுக்கொண்டு நாவலை முடித்துவிடுகிறார்.

இந்தியாவில் கைகூடாக் காதலைப் பேசிய இளையோர் புனைகதையின் நூறாண்டு வரலாற்றை இவ்வரிகளிலிருந்து தொடங்குவது பொருந்தும். காதலில் தோற்றவர் அத்தோல்வியைக் கடந்து வாழ்வது எங்ஙனம் என்னும் வினாவுக்குரிய விடை அந்நாவலுக்குள்ளேயே இருந்தது. அவ்விடையைத் தன் வாழ்வால் எழுதியவள் பார்வதி. ஆனால் கதைசொல்லியும், அவரைப் பின்பற்றிய வாசகரும், பின்னர் வந்த திரைப்படங்களும் கடந்தவளை விட்டுவிட்டுக் கடக்க இயலாமல் அழிந்தவனையே காதலின் இலக்கணமாகக் கொண்டனர். இத்தேர்வு நிகழ்ந்த விதமும், அதற்கு மாற்றாக எழுதப்பட்டவை எவை என்பதும், அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்பதும் இலக்கிய வரலாற்றோடு முடிந்துபோகும் வினாக்கள் அல்ல.

தமிழ் வாசகருக்கு இவ்வேறுபாடு புதியதன்று. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு இருபுறமும் தொல்காப்பியம் நிறுத்தியது. காதல் கைகூடாத ஆடவன் மடலேறித் தன் துயரை ஊரறியச் செய்யலாம். பெண் மடலேறுதல் மரபன்று என்றும் அது விதித்தது. கைகூடாமையின் துயரைப் பொதுவெளியில் காட்சிப்படுத்தும் உரிமை ஒரு பாலுக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பது இதன் பொருள். வங்கத்தில் எழுந்த ‘தேவதாஸ்’ தொல்காப்பியத்தை அறிந்து எழுதப்பட்டதன்று. ஆயினும் இவ்விதியை அறிந்த ஒருவர் அந்நாவலை வாசிக்கும்போது, யாருடைய துயர் ஊருக்குக் காட்டப்படுகிறது, யாருடையது வீட்டுக்குள் மறைக்கப்படுகிறது என்பதை எளிதில் கண்டுகொள்வார்.

சரத் சந்திரர் பிறந்த ஆண்டு 1876. ‘தேவதாஸ்’ 1917இல் அச்சேறினாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர் இருபதுகளின் நடுப்பகுதியில் இருந்தபோது எழுதப்பட்டது. 1903இல் ரங்கூன் சென்று 1916இல் அவர் திரும்பும்வரை அந்தக் கைப்பிரதி நூலாகவில்லை. இளமைக்கால எழுத்தாகிய அதனை வெளியிட அவரே தயங்கினார். எனவே இது இளைஞர் ஒருவர் இளையோரைப் பற்றி எழுதிய நாவல். முதிர்ந்த எழுத்தாளராக அறியப்பட்டபின் வெளிவந்தது என்பதால் இவ்வுண்மை மறைந்துவிடலாகாது.

கதையின் தொடக்கத்தில் மறுக்கப்படுபவர் யார் என்பதைக் கவனித்தல் வேண்டும். திருமணப் பேச்சு எழும்போது பார்வதிக்கு வயது பதின்மூன்று. பெண்ணுக்குப் பணம் பெறும் வழக்கமுடைய குடும்பம் என்பதால் தேவதாசின் பெற்றோர் சம்பந்தத்தை மறுக்கின்றனர். அன்றைய ஒழுக்கநெறியின்படி எண்ணிப்பார்க்கவும் இயலாத ஒன்றைப் பார்வதி செய்கிறாள். நள்ளிரவில் தனியாகத் தேவதாசின் அறைக்குச் சென்று தன் விருப்பத்தைத் தெரிவிக்கிறாள். பெற்றோரின் சொல்லை மீறத் துணியாத தேவதாஸ் கல்கத்தாவுக்குச் சென்றுவிடுகிறான். அவளை ஆழ்ந்து நேசித்ததாகத் தான் ஒருபோதும் உணர்ந்ததில்லை என்ற பொருள்படக் கடிதமும் எழுதுகிறான். கைகூடாக் காதலின் முதல் அடி பார்வதியின்மீதே விழுகிறது.

பின்னர் தேவதாஸ் மனம் மாறித் திரும்புகிறான். குளக்கரையில் இருவரும் சந்திக்கின்றனர். இம்முறை மறுப்பவள் பார்வதி. தன் குடும்பத்துக்கும் மானம் உண்டு என்று அவள் நிமிர்ந்து பேசுகிறாள். சினமுற்ற தேவதாஸ் கையிலிருந்த தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடிக்கிறான், இரத்தம் வழிகிறது. அந்த அழகிய முகத்தில் ஒரு தழும்பு இருக்கட்டும் என்பதே அவன் தரும் நியாயம். நாவல் இதனைக் குற்றமாகக் கருதவில்லை. பிற்காலத்தில் பார்வதியே அத்தழும்பை நினைவுச் சின்னமாகப் போற்றுகிறாள். மறுத்த பெண்ணின் முகத்தில் ஆண் இட்ட காயத்தைக் காதலின் முத்திரையாகக் காட்டிய காட்சி, நவீன இந்தியப் புனைகதையின் மிகப் புகழ்பெற்ற காதல் கதையின் நடுவே அமைந்துள்ளது.

அடுத்து நிகழ்வது இரு வாழ்க்கைகள். தேவதாஸ் குடிக்கிறான், நோயுறுகிறான், இறக்கிறான். பார்வதி ஹாத்திபோதாவின் ஜமீன்தாரான புவன் சௌத்ரியை, மனைவியை இழந்த முதியவரை, மணக்கிறாள். தன்னைவிட மூத்த பிள்ளைகளுக்குத் தாயாகிறாள். அந்த வீட்டுக்கு வர மறுத்த மூத்தாளின் மகளை அழைத்து, தன் நகைகளை அவளுக்கு அணிவித்து, மனக்கசப்பைப் போக்குகிறாள். ஏழைகளுக்கு உதவுவதில் பொழுதைச் செலவிடுகிறாள். இவற்றுள் எதுவும் அவள் தேவதாசை மறந்துவிட்டாள் என்பதைக் காட்டாது. மறக்காமலே ஒரு வாழ்வைக் கட்டியெழுப்பினாள் என்பதையே காட்டும். சந்திரமுகியின் கதையும் இத்தகையதே. தன்னை முதலில் வெறுத்த, பின்னரும் முழுமையாக ஏற்காத ஒருவனை நேசித்து, அந்நேசத்தின் விளைவாகத் தொழிலைத் துறந்து, கல்கத்தாவை விட்டுச் சிற்றூரில் எளிய வாழ்வை அவள் மேற்கொள்கிறாள். ஒருதலைக் காதல் ஒருவரை அழிக்கும் என்பதற்கு அந்நாவலில் ஒரு சான்று உண்டு. அது ஒருவரை வளர்க்கவும் கூடும் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. கதைசொல்லி இரங்கச் சொன்னது முதல் சான்றுக்கு மட்டும்.

ஆயினும் பார்வதியின் கடத்தலை அளவுக்கு மீறிப் போற்றுவதிலும் ஒரு பிழை உண்டு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு வேறு வழி இருக்கவில்லை. குடித்து அழியும் உரிமை ஜமீன்தாரின் மகனுக்கே இருந்தது. அதற்குத் தேவையான பணமும், நகரமும், பணிவிடைக்குத் தர்மதாஸ் என்னும் பணியாளரும் அவனிடமே இருந்தனர். காதல் தோல்வியில் திளைப்பதும் ஒருவகைச் சொத்துரிமை. பார்வதியின் பொறுமையில் வலிமையும் உண்டு, கட்டாயமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், பெண்ணுக்கு வேறு வழிகள் திறந்த பின்னர் எழுதப்பட்ட நாவல்களுடன் ஒப்பிடுதல் வேண்டும்.

அவ்வழிகள் திறந்த வரலாறு சட்டத்திலும் கல்வியிலும் பதிவாகியுள்ளது. 1891ஆம் ஆண்டின் சம்மத வயதுச் சட்டம் பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. 1929இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணின் திருமண வயதைப் பதினான்காகவும் ஆணின் திருமண வயதைப் பதினெட்டாகவும் வரையறுத்தது. சட்டம் உடனே நடப்பை மாற்றிவிடவில்லை. எனினும் குழந்தைப் பருவத்துக்கும் இல்லறத்துக்கும் இடையே, பெண்ணுக்கும் ‘இளமை’ என்றொரு காலம் உண்டு என்னும் கருத்து மெல்ல வேரூன்றியது. கல்லூரி, விடுதி, ஆசிரியப் பணி ஆகியவை அந்த இடைவெளிக்கு உருவம் தந்தன. விரும்பவும், மறுக்கவும், மறுக்கப்படவும், மறுப்பைத் தாங்கி மீளவும் ஒருவருக்குக் காலம் வேண்டும். அக்காலம் இல்லாத சமூகத்தில் இளையோர் காதல் நாவல் தோன்ற இயலாது.

சாரதா சட்டம் நிறைவேறிய அதே 1929இல் ரவீந்திரநாத் தாகூரின் ‘சேஷேர் கவிதா’ நூலாக வெளிவந்தது. முந்தைய ஆண்டு ‘பிரபாஸி’ இதழில் அது தொடராக வந்திருந்தது. அறுபத்தேழு வயதில் இளையோரைப் பற்றி அவர் எழுதிய நாவல் இது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற அமித் ராயும், ஷில்லாங்கில் ஒரு குடும்பத்தில் ஆசிரியையாகப் பணிபுரியும் லாவண்யாவும் மலைப்பாதையில் நேர்ந்த மோட்டார் விபத்தொன்றில் சந்திக்கின்றனர், காதல் கொள்கின்றனர், மணம் செய்துகொள்ளாமல் பிரிகின்றனர். பிரிவை முடிவு செய்பவள் லாவண்யா. தன்மீது அமித் கொண்டுள்ள காதல் அவன் கற்பனையால் உயிர்வாழ்வது என்பதையும், அன்றாட இல்லறம் அதனை மெல்லக் கொன்றுவிடும் என்பதையும் அவள் உணர்கிறாள்.

இந்நாவலில் கைகூடாக் காதலின் சுமை நால்வருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. அமித் ஒருகாலத்தில் மோதிரம் அணிவித்துப் பின் மறந்துவிட்ட கேதகி ஒருத்தி. லாவண்யாவின் தந்தையிடம் பயின்று, அவளை மௌனமாக நேசித்து, அவளால் அவமதிக்கப்பட்டு விலகிய சோபன்லால் ஒருவன். அவன் அவளைப் பின்தொடரவில்லை, பழிதூற்றவில்லை, குடித்து அழியவும் இல்லை. தன் புலமையில் ஈடுபட்டு வாழ்கிறான். இறுதியில் லாவண்யாவே தன் பழைய செருக்கை உணர்ந்து அவனை ஏற்கிறாள். அமித் கேதகியை மணக்கிறான். ஒருவரும் சாவதில்லை. ஒருவரும் மறப்பதும் இல்லை. அன்றாடப் பயன்பாட்டுக்குரிய குடத்து நீராக ஒரு காதலையும், நீந்தி மகிழும் ஏரியாக மற்றொரு காதலையும் அமித் விளக்கும் இடம் பலராலும் எடுத்தாளப்படுவது. அவ்விளக்கம் ஆணுக்கு வசதியானது என்னும் விமர்சனத்திலும் நியாயம் உண்டு. குடமாக உவமிக்கப்பட்ட கேதகியிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. எனினும் பார்வதிக்கு இல்லாத ஒன்று லாவண்யாவிடம் இருந்தது. அவள் தன் உழைப்பில் வாழ்ந்தாள். அதனாலேயே அவளுடைய ‘வேண்டாம்’ என்னும் சொல், கட்டாயத்தின் விளைவாக இன்றித் தேர்வாக ஒலித்தது.

அடுத்த இருபதாண்டில் இவ்வினா இந்தி உலகில் மீண்டும் எழுந்தது. தரம்வீர் பாரதியின் ‘குனாஹோன் கா தேவதா’ 1949இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. களம் அலகாபாத், பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த அறிவாளர் குடும்பங்களின் உலகம். நாயகன் சந்தர் ஓர் ஆய்வு மாணவன். அவனை ஆதரித்து வளர்த்த பேராசிரியர் சுக்லாவின் மகள் சுதா கல்லூரியில் பயில்பவள். இருவருக்கும் இடையிலான அன்பு ஒருதலையானதன்று. ஆனால் பேராசிரியரிடம் தான் பட்ட நன்றிக்கடனும், சாதி வேறுபாடும், காதல் உடலுக்கு அப்பாற்பட்ட தூய்மை உடையதாக இருத்தல் வேண்டும் என்னும் இலட்சியமும் சேர்ந்து சந்தரை வாய்மூடச் செய்கின்றன. சுதா விரும்பாத திருமணத்துக்கு அவளை இணங்கச் செய்பவனும் அவனே. தியாகம் செய்தவன் தானே என்று அவன் எண்ணிக்கொள்கிறான். தியாகமாகக் கொடுக்கப்பட்டது சுதாவின் வாழ்வு.

இந்நாவலின் வலிமை, இத்தியாகத்தின் பின்விளைவை மறைக்காமல் காட்டுவதில் உள்ளது. தேவனாகத் தன்னைக் கருதிக்கொண்ட சந்தர் கசந்து போகிறான். தன்னிடம் அன்பு காட்டிய பம்மியையும் பிந்தியையும் காயப்படுத்துகிறான். சுதா கருச்சிதைவுற்று இறக்கிறாள். தலைப்பில் உள்ள ‘குற்றங்களின் தேவன்’ என்னும் முரண் அவனையே சுட்டுகிறது. ‘தேவதாஸ்’ நாவலில் ஆணின் அழிவு இரக்கத்துக்குரியதாக மட்டும் இருந்தது. இங்கு அது விசாரணைக்கு உட்படுகிறது. ஆயினும் வாசகர்கள் அந்த விசாரணையை முழுமையாக ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல இயலாது. பல தலைமுறை இந்தி மாணவர்கள் இந்நூலைத் தூய காதலின் வேதமாகக் கொண்டாடினர். மறுபதிப்புகள் இன்றும் தொடர்கின்றன. சுதா கற்றவள், கேள்வி கேட்பவள், சிரிப்பும் பிடிவாதமும் உடையவள். இருந்தும் மறுக்கும் உரிமை அவளுக்கு வாய்க்கவில்லை. கல்லூரிக் கல்வி லாவண்யாவுக்குத் தந்ததை அது சுதாவுக்குத் தரவில்லை. காரணம், ஊதியம் தரும் பணி அவளிடம் இல்லை என்பதும், அவளுக்காக முடிவெடுக்க இரு ஆண்கள் இருந்தனர் என்பதும் ஆகும்.

நாவல்கள் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலத்தில் திரைப்படம் தேவதாசின் பக்கமே நின்றது. 1928இல் மௌனப் படமாகவும், 1935இல் பி. சி. பரூவா இயக்கி நடித்த வங்கப் படமாகவும், 1936இல் கே. எல். சைகல் நடித்த இந்திப் படமாகவும் கதை பரவியது. 1953இல் அக்கினேனி நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படம் தெலுங்கிலும் தமிழிலும் வெளியாயிற்று. அதன்பின் தென்னகத்திலும் ‘தேவதாஸ்’ என்பது தாடியும் மதுவுமாகத் திரியும் காதலனைக் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. ‘பார்வதி’ என்பது எதற்கும் பொதுப்பெயராகவில்லை.

இருப்பினும் இவ்வெற்றிடத்தைச் சிலர் உணர்ந்தனர். 1936ஆம் ஆண்டுப் படத்தின் ஒளிப்பதிவாளரான பிமல் ராய் 1955இல் தாமே இக்கதையை இயக்கியபோது, நாவலில் சந்திக்காத பார்வதியையும் சந்திரமுகியையும் ஒரு சாலையில் எதிரெதிரே கடந்து செல்ல வைத்தார். இருவரும் பேசுவதில்லை, பார்வை மட்டும் பரிமாறப்படுகிறது. அப்படத்தில் சந்திரமுகியாக நடித்த வைஜயந்திமாலாவுக்குச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அளிக்கப்பட்டபோது, தம் பாத்திரம் துணைப் பாத்திரம் அன்று என்று கூறி அவர் அதனை ஏற்க மறுத்தார். அம்மறுப்பு ஒரு நடிகையின் தன்மானம் பற்றியதாகவே நினைவுகூரப்படுகிறது. அதனை ‘தேவதாஸ்’ கதையின்மீதான ஓர் இலக்கிய விமர்சனமாகவும் கொள்ளலாம். துணைப் பாத்திரம் எது என்பதை முடிவு செய்தது 1917ஆம் ஆண்டின் கதைசொல்லி. அம்முடிவை முதலில் வெளிப்படையாக மறுத்தவர்களுள் ஒருவர் வைஜயந்திமாலா.

2009இல் அனுராக் காஷ்யப் இயக்கிய ‘தேவ் டி’ திரைப்படத்தில் நாயகன் சாவதில்லை, தன்னிரக்கத்திலிருந்து மீள்கிறான். இது முக்கியமான மாற்றம். ஆனால் அவன் மீள்வதற்கு மீண்டும் ஒரு பெண்ணின் அன்பு தேவைப்படுகிறது. காதல் தோல்வியைத் தனித்து நின்று கடக்கும் ஆண் இந்திய வெகுசனப் புனைவில் இன்றளவும் அரியவன்.

இக்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதும் இந்தியரின் கல்லூரிக் காதல் நாவல்கள் பெருகின. சேத்தன் பகத்தின் ‘ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்’ 2004இல் வெளிவந்து இவ்வலைக்கு வழிவகுத்தது. முதன்முறையாக ஆங்கில நாவல் வாசிக்கும் சிறுநகர மாணவரை இவை சென்றடைந்தன. மறுப்பைக் கையாளும் முறையில் மட்டும் பழைய சுவடு மறையவில்லை. அவருடைய ‘ஹாஃப் கேர்ள்ஃபிரண்ட்’ 2014இல் வந்தது. பீகாரிலிருந்து டில்லிக் கல்லூரிக்கு வந்த மாதவ், தன்னைக் காதலனாக ஏற்காத ரியாவிடம் விடுதி அறையில் எல்லை மீறுகிறான், அவள் விலகுகிறாள். பின்னர் ஆண்டுக்கணக்கில் அவளைத் தேடி நியூயார்க் வரை செல்கிறான், கண்டடைகிறான், அவளும் ஏற்கிறாள். மறுப்பு என்பது விடாமுயற்சியால் வெல்லத்தக்க ஒரு தடை என்னும் பாடம் இங்கு பரிசுடன் வழங்கப்படுகிறது.

இந்நாவல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 2013ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம், பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதையும் அமிலம் வீசுவதையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றங்களாகச் சேர்த்திருந்தது. மறுக்கப்பட்ட ஆணின் சினம் பெண்ணின் முகத்தைக் குறிவைப்பதைச் சட்டம் அப்போதுதான் தனிப் பெயரிட்டுக் கண்டது. இலக்கியம் அதனைத் தூண்டிற்கோலின் உருவில் நூறாண்டுக்கும் முன்பே பதிவு செய்திருந்தது. அதற்குக் குற்றம் என்று பெயரிடவில்லை என்பதே வேறுபாடு. ஒரு நாவல் ஒரு குற்றத்தைச் செய்விக்கிறது என்று கூறுதல் ஆய்வு நெறியாகாது. ஆனால் எது காதல், எது வன்முறை என்று பிரித்துக்காட்டும் சொற்களை இளையோர் பெரும்பாலும் கதைகளிலிருந்தே பெறுகின்றனர். அச்சொற்களைக் கதைகள் மயக்கித் தந்தால், மயக்கத்தின் விலையை மறுத்தவளே கொடுக்க நேர்கிறது.

மேற்கண்ட மூன்று நாவல்களையும் ஒருங்கே நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. கைகூடாக் காதலைக் கடத்தல் என்பது மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று. பார்வதிக்கு வேறு வழியில்லை, அவள் கடந்தாள். லாவண்யாவுக்கு உழைப்பும் கல்வியும் இருந்தன. அவள் தேர்ந்தெடுத்துக் கடந்தாள். சுதாவுக்குக் கல்வி இருந்தது, முடிவெடுக்கும் உரிமை இல்லை, அவள் இறந்தாள். சோபன்லாலுக்கு ஒரு துறையும் அதில் ஈடுபாடும் இருந்தன. அவன் எவரையும் காயப்படுத்தாமல் வாழ்ந்தான். தேவதாசுக்குச் செல்வம் இருந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. மறுக்கப்பட்ட ஒருவருக்கு மறுநாள் காலையில் எழுந்து ஆற்றுவதற்கு ஒரு பணியும், தன் மதிப்புக்குக் காதலல்லாத வேறோர் ஆதாரமும் இருக்கின்றனவா என்பதே அவர் மீள்வதையும் அழிவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்திய மொழிகளில் இளையோருக்கான நாவல் என்னும் வகை இன்று தனி அடையாளம் பெற்று வருகிறது. பதினேழு வயதில் முதல் மறுப்பைச் சந்திக்கும் ஒருவர் கையில் கிடைக்கும் நூல், தாடி வளர்ப்பதையோ ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதையோ காதலின் அளவுகோலாகக் காட்டுமாயின், அது தூண்டிற்கோல் காட்சியின் மறுபதிப்பே ஆகும். அதற்கு மாற்றான மரபு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. ஹாத்திபோதாவில் பகைத்த மகளுக்குத் தன் நகைகளை அணிவித்த பெண்ணிடம் அது உள்ளது. ஷில்லாங்கில் தன் ஊதியத்தில் வாழ்ந்த ஆசிரியையிடம் உள்ளது. அவமதிப்புக்குப் பின் தன் நூல்களுக்குத் திரும்பிய மாணவனிடமும் உள்ளது.

பார்வதிக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று விசாரிக்க விருப்பமில்லை என்றார் அக்கதைசொல்லி. நூறாண்டு கழித்து எழுதப்பட வேண்டிய நாவல் அந்த விசாரணையிலிருந்தே தொடங்குகிறது.